ஜிம்மியின் பதினோரு மணிச் சோறு

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் வீட்டில் எனக்கென்று ஒரு வேலை ஒதுக்கப்பட்டது. இரண்டு பூனைகளும் இரண்டு நாய்களும் ஒன்றையொன்று பிறாண்டிக்கொள்ளாமல் மதியச் சோறு தின்று முடிக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு யாருக்கும் அதற்குப் பொறுமை இல்லை என்பதுதான் காரணம். நானோ, இவ்வளவு பெரிய பொறுப்பை நம்பி ஒப்படைக்க என்னை விட்டால் ஆள் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பூனைகள் எங்களுடையவை. மஞ்சள் என்பது தாய், நெற்றியில் கறுப்புப் புள்ளியோடு பிறந்த பொட்டு அதன் மகள். நாய்கள் அத்தையோடு வந்தவை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அத்திப்பட்டில் குடியிருந்தாள். மாமாவுக்கு அங்கே ஒப்பந்தத்தில் கரண்ட் வேலை. அந்த வருடம் மாசியில் மாமா காய்ச்சல் என்று படுத்தார். ஐந்தாம் நாள் அவர் இல்லை. காரியமெல்லாம் முடிந்து, எனக்குப் பரீட்சையும் முடிந்த வாரத்தில் அப்பா ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துக்கொண்டு போய் அத்தையைப் புதுவாயலுக்கு அழைத்து வந்தார். வண்டியின் பின்னால் ஒரு பீரோ, ஒரு கேஸ் அடுப்பு, பிரித்துப்போட்ட ஒரு கட்டில். கட்டில் சட்டங்களுக்கு நடுவே இரண்டு சாம்பல் நிற நாய்கள் நின்றுகொண்டிருந்தன.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னாங்க இது, நாயையும் இட்டாந்துட்டீங்க? ஊட்ல பூனைங்க ரெண்டு இருக்குதே."

"அவரு வளத்த நாயிங்கம்மா. பாப்பா உட்டுட்டு வரமாட்டேன்னுச்சு" என்றார் அப்பா, அத்தையைக் காட்டி.

"வந்தது வரட்டும். யாரு சோறு போடறதுன்னுதான் கேக்கறேன்."

அன்று மாலை துவைக்கிற கல்லருகே அத்தை நாய்களைக் குளிப்பாட்டினாள். நிலக்கரி லாரிகள் போகும் சாலையின் தூசு முழுவதும் அவற்றின் முடிக்குள் இருந்தது போலும். தண்ணீர் கலங்கிக் கலங்கி ஓடி, கடைசியில் ஒரு பழுப்பு நாயும் ஒரு கறுப்பு நாயும் மிஞ்சின. பழுப்பு ஜிம்மி, கிழவன். கறுப்பு கருப்பி, ஒரு வயதுகூட ஆகாதவள். அத்தை அவற்றைத் துடைக்கவில்லை. ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாய்கள் தாமாகவே உதறிக்கொண்டு வெயிலில் போய்ப் படுத்தன.

அப்பா தன் தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார். இதனால் ஒரு குழப்பம் வந்தது. அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி செய்யும் கம்பெனி ஒன்றில் கிரேன் ஓட்டினார். காலை ஷிப்டு முடிந்து இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வருவார். வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம், "பாப்பா சாப்டுச்சா?" என்பார். "நான் சாப்ட்டேன்பா! ரெண்டு தடவ போட்டுக்கினேன்" என்று நான் உள்ளிருந்து கத்துவேன். அப்பா என் தலையைத் தடவிவிட்டு மறுபடியும் அம்மாவின் முகத்தையே பார்ப்பார். நான்தான் சொல்லிவிட்டேனே, பிறகு ஏன் இவர் நம்பாமல் அம்மாவைப் பார்க்கிறார் என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

பூனையும் நாயும் இருக்கிற வீட்டில் சண்டை பகையால் வருவதில்லை, வேகத்தால் வருகிறது. இதை நான் முதல் நாளே கண்டுபிடித்தேன். கருப்பி தன் தட்டைக் காலி செய்ய நான் ஒன்றிலிருந்து பதினேழு வரை எண்ணினால் போதும். மஞ்சளோ முகர்ந்து பார்த்து, ஒரு வாய் தின்று, எதையோ நினைத்துக்கொண்டு எழுந்துபோய் ஜன்னலோரம் முகம் கழுவி, திரும்பி வந்து இன்னொரு வாய் தின்னும். அது முகம் கழுவப் போன நேரத்தில் கருப்பி அதன் கிண்ணத்தை நக்கிக் கவிழ்த்திருப்பாள். திரும்பி வந்த மஞ்சள் காலிக் கிண்ணத்தைப் பார்க்கும், கருப்பியைப் பார்க்கும். அப்புறம் கருப்பியின் மூக்கில் இரத்தக் கோடு.

நாய்க்கு நேர் எதிர் குணம் பொட்டுக்கு. தன் சோற்றை விட்டுவிட்டு நாய்களின் தட்டு விளிம்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். தின்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. அது பார்த்துக்கொண்டிருந்தால் கருப்பிக்குத் தொண்டையில் சோறு இறங்காது, உறுமத் தொடங்கிவிடுவாள்.

அப்பா கம்பெனியில் உடைத்துப் போட்ட மரப்பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து, பின்பக்கத் தாழ்வாரத்தின் சுவரில் என் தலை உயரத்துக்கு ஒரு பலகைத் தட்டு அடித்துக் கொடுத்தார். பூனைகள் மேலே, நாய்கள் கீழே. நான் பழைய காலண்டர் தாளின் முதுகில் ஒரு நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். பன்னிரண்டரைக்குப் பூனைகள், மீன்தலை வேகவைத்துப் பிசைந்த சோறு. ஒரு மணிக்கு நாய்கள். மஞ்சள்தூள் போட்டு வேகவைத்த கோழிக்கழுத்தும் சோறும். முள்ளையும் எலும்பையும் அம்மா எடுத்துவிடுவாள். பிசைந்து வைப்பது, வரிசையாக வைப்பது, காவல் இருப்பது என் வேலை. எழுதியதற்குக் கீழே என் பெயரைக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கண் சொக்குகிறது. சிமெண்ட் ஷீட்டில் ஆணி அடித்த ஓட்டைகள் வழியாக வெயில் சின்னச் சின்ன வட்டங்களாகத் தரையில் விழுந்து, மெல்ல மெல்ல நகரும். தூரத்தில் கல்கத்தா ரோட்டில் லாரிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டுக் கேட்டு அது சத்தமாகவே தெரியாது, காற்று அப்படித்தான் ஒலிக்கும் என்று நினைத்திருந்தேன். தின்று முடித்த பூனைகள் பலகையிலிருந்து வாலை மட்டும் கீழே தொங்கவிட்டுத் தூங்கும். அந்த வால் நுனி ஆடுவதைப் பார்த்தபடியே கருப்பியும் தூங்கிப்போவாள். கொய்யா மரத்தடியில் ஒரு வட்டம் வெயில் ஜிம்மியின் காதில் ஏறி, கழுத்தைக் கடந்து, முதுகில் இறங்கிப் போய்விடும். அது இறங்கும்போது மணி மூன்றாகியிருக்கும். நாங்கள் எல்லோரும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல இருக்கும். நாலு மணிக்குக் கடல்காற்று வந்துதான் எங்களை மேலே தூக்கிவிடும்.

இதில் ஜிம்மி மட்டும்தான் என் அட்டவணைக்கு அடங்கவில்லை.

முதல் பத்து நாள் அது சோற்றைத் தொடவே இல்லை. தட்டின் முன்னால் படுத்து, தட்டைத் தாண்டி எங்கோ பார்க்கும். மாமா சாப்பிட உட்கார்ந்து முதல் வாய் எடுத்தால்தான் அதுவும் வாய் வைக்கும், அப்படிப் பழகிவிட்டது என்று அத்தை சொன்னாள். பின்வாசல் படியில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, "தின்னுடா, தின்னுடா" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அது தின்னவில்லை.

அப்போதுதான் அம்மா ஒரு தட்டில் சோறு போட்டுக் குழம்பு ஊற்றி எடுத்து வந்து அத்தையின் கையில் கொடுத்தாள்.

"எனுக்கு வேணாம் அண்ணி. பசிக்கல."

"உனுக்கு யாரு குடுத்தாங்க? அதுக்குதான். நீ ரெண்டு வாய் எடுத்து வச்சா அது பாத்துட்டுத் தின்னும். வாயில்லா ஜீவன் பட்டினி கெடக்குது, பாத்துக்கினு இருக்கியே."

அத்தை தட்டைச் சிறிது நேரம் வைத்திருந்தாள். பிறகு ஒரு வாய் எடுத்தாள். ஜிம்மி காதை நிமிர்த்தியது. இன்னொரு வாய் எடுத்தாள். ஜிம்மி எழுந்து தன் தட்டில் மூக்கை வைத்தது.

அன்றிலிருந்து ஒரு மணிக்கு ஜிம்மியோடு அத்தையும் சாப்பிடுவது என்று வழக்கமாகிவிட்டது. நானும் அட்டவணையில் ஜிம்மி என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'அத்தை உட்கார வேண்டும்' என்று சேர்த்தேன். ஜிம்மி மெல்லத் தேறியது. இரண்டு வாரத்தில் விலா எலும்பு மறைந்தது. பிறகு ஒருநாள் அத்தை வருவதற்கு முன்பே தன் தட்டை முழுக்கக் காலி செய்துவிட்டு என் கையையும் நக்கியது. நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அத்தையின் ரவிக்கை ஒன்றை இரு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தி, "அத்தைகிட்ட சொன்னியா?" என்று கேட்டாள்.

"சொல்ட்டேன். அத்தை சரின்னு போய்ப் படுத்துக்கினுச்சு."

அம்மா மறுபடியும் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

அதற்கு மறுநாளே ஜிம்மி பழையபடி ஆகிவிட்டது. ஒரு மணிக்குத் தட்டை வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மூன்று நாள் தொடர்ந்து அப்படியே. "பாரும்மா, உன் நாயி சோத்தத் தொட மாட்டேங்குது. வந்து உக்காரு" என்று அம்மா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். அத்தை தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து படியில் உட்காருவாள். அம்மா தட்டைக் கையில் கொடுப்பாள். அத்தை சாப்பிட்டும் ஜிம்மி ஒன்றிரண்டு வாய்க்கு மேல் தின்னவில்லை. மீதியைக் கருப்பிதான் பதினேழு எண்ணுவதற்குள் முடித்தாள். ஆனாலும் ஜிம்மி இளைக்கவில்லை. எனக்கு இது விளங்கவே இல்லை.

நாலாம் நாள் விளங்கியது. பக்கத்து வீட்டில் டிவி பார்க்கப் போயிருந்தேன். கரண்ட் போய்விட்டதால் பாதியில் திரும்பி வந்தேன். மணி பதினொன்று இருக்கும். குளியலறைச் சுவருக்குப் பின்னால் அம்மா குந்தியிருந்தாள். அவள் முன்னால் ஒரு அலுமினியச் சட்டி நிறையச் சோறு. அதில் ஜிம்மியின் தலை கழுத்துவரை இறங்கியிருந்தது. அம்மா அடிக்கடி வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு, "சீக்கிரம் தின்னுடா, சீக்கிரம்" என்று முணுமுணுத்தாள். நாய்களை ஒருநாளும் தொடாத அம்மா, ஒரு கையால் அதன் பிடரியைச் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டேன். அதற்கடுத்த இரண்டு நாளும் கொய்யா மரத்தில் ஏறி ஒளிந்திருந்து பார்த்தேன். இரண்டு நாளும் பதினோரு மணிக்கு அதே சட்டி, அதே இடம்.

முதலில் எனக்கு வந்தது கோபம். என் அட்டவணையில் பதினோரு மணி என்று ஒரு நேரமே இல்லை. அப்புறம்தான் பயம் வந்தது. அந்த வாரம் எங்கள் தெருவுக்குப் பின்னால் இரண்டு தெருநாய்கள் செத்துக் கிடந்தன. யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். கருப்பி ஒருநாள் சமையலறைக்குள் நுழைந்து வறுத்து வைத்த வஞ்சிரத் துண்டுகளைத் தூக்கிப் போனபோது, "இதுங்கள ஒரு வழி பண்ணாத்தான் சரிப்படும்" என்று அம்மா கத்தியதும் ஞாபகம் வந்தது. மறைத்துப் போடுகிற சோறு நல்ல சோறாக இருக்க முடியாது. பத்து வயதுப் புத்திக்கு இவை எல்லாம் ஒழுங்காகப் பொருந்தின. யாரிடமும் சொல்ல முடியாமல் அந்த மதியம் நானும் சரியாகச் சாப்பிடவில்லை. மஞ்சளைப் போல ஒரு வாய் தின்று, எழுந்துபோய், திரும்பி வந்தேன்.

மறுநாள் ஒரு மணி. அத்தை படியில் உட்கார்ந்து தட்டைக் கையில் வாங்கியிருந்தாள். அம்மா அவளுக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஜிம்மி எழுந்து நின்று, முதுகை வளைத்து, வயிறு குலுங்க, தின்றதை எல்லாம் படியோரம் கக்கியது. வெள்ளை வெளேரென்று சோறு. பிறகு கால் மடங்கிப் படுத்துவிட்டது.

நான் பலகையைப் பிடித்துக்கொண்டு அலறினேன். மேலே இருந்த பூனைகள் இரண்டும் குதித்து ஓடின.

"ஜிம்மி சாவப்போவுது! அம்மாதான் பண்ணுது! பதினோரு மணிக்கு யாருக்கும் தெரியாம சோறு போடுது! தெனமும் போடுது! நான் மரத்துமேல இருந்து பாத்தேன்!"

அத்தை என்னைப் பார்த்தாள். "இன்னாடி சொல்ற?"

"வயிறு முட்டத் துன்ன வச்சுட்டு, அப்பாலதான் உன்ன கூப்புடுது அத்தை! துன்ன மாட்டேங்குதுன்னு பொய் சொல்லுது!"

அம்மாவின் கையிலிருந்த கரண்டியிலிருந்து ரசம் சொட்டுச் சொட்டாகச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. என்னை அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அத்தை தன் கையில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டில் சோறு இருப்பதை அப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள். அதைக் கீழே வைத்தாள். எழுந்து, யாரையும் பார்க்காமல் உள்ளே போய், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மா ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வந்து ஜிம்மி கக்கியதைக் கழுவிவிட்டாள். சேலைத் தலைப்பால் ஒருதரம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று அப்பா வந்து, "பாப்பா சாப்டுச்சா?" என்று கேட்டபோது நான்கூடப் பதில் சொல்லவில்லை.

ஜிம்மிக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் வேலியோரம் போய்ப் புல்லைக் கடித்துத் தின்றுவிட்டு, கருப்பியோடு ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தது. ஒரு கிழநாய்க்குத் தினமும் ஒரு சட்டி நிறையச் சோறு அதிகம், அவ்வளவுதான். ஆனால் என்னால்தான் அது பிழைத்தது என்று நான் நம்பினேன். என்னிடம் யாரும் பேசாதது எனக்குப் பெரிதாகப் படவில்லை. உண்மையைக் கண்டுபிடித்தவர்களிடம் கொஞ்ச நாள் யாரும் பேச மாட்டார்கள்.

மறுநாள் பதினோரு மணிக்கு மரத்தில் ஏறிப் பார்த்தேன். அம்மா வரவில்லை. அலுமினியச் சட்டி கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. பன்னிரண்டரைக்குப் பூனைகளுக்கு வைத்தேன். ஒரு மணிக்கு நாய்களுக்கு வைத்தேன். கருப்பி பதினேழில் முடித்தாள். முந்தைய நாள் கக்கியதிலிருந்து வயிறு காலியாக இருந்த ஜிம்மி அவளுக்கு இணையாகத் தின்று, தட்டை மூக்கால் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டி நிறுத்தி நக்கியது. தட்டு, கழுவி வைத்ததுபோலப் பளபளத்தது. அத்தை வந்து உட்காராமலே எல்லாம் நேரத்துக்கு முடிந்துவிட்டது. அட்டவணையிலிருந்து அந்த அடைப்புக்குறியை அடித்துவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன்.

உள்ளே கட்டில் முனகியது. அத்தை எழுந்து வந்தாள். அழுது வீங்கிய முகத்தைக் கழுவியிருந்தாள். காதோர முடியில் ஈரம் நின்றிருந்தது. படியில் ஜிம்மியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரோரம் கிடந்த அதன் காலித் தட்டை எட்டி எடுத்து மடியருகே வைத்துக்கொண்டாள். வெயில் வட்டங்களில் ஒன்று அந்தத் தட்டில் விழுந்து அவள் கழுத்தில் வெளிச்சமாக ஆடியது.

"அண்ணி" என்று கூப்பிட்டாள். மறுபடியும், "அண்ணீ! இங்க வந்து பாருங்க. இந்த ஜிம்மி இன்னிக்கும் சோத்தத் தொட மாட்டேங்குது."

அம்மா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். ஜிம்மியைப் பார்த்தாள். அது உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. தட்டைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். லாரிச் சத்தம் எல்லாம் எங்கேயோ போய்விட்டதுபோல இருந்தது.

"அப்டியா?" என்றாள் அம்மா. "பேஜாரு புடிச்ச நாயி. இன்னாதான் பண்றது இத?"

"நான் உக்காந்தா மட்டும் பத்தாதாம் அண்ணி. நீங்களும் கூட உக்காரணுமாம்."

அம்மா உள்ளே போனாள். போனவள் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. இரண்டு தட்டில் சோறு போட்டு எடுத்து வந்தாள். ஒன்றை அத்தையிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றோடு அவளை ஒட்டிப் படியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் குனிந்து பிசைந்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இப்போதுதான் என் கண்ணெதிரே அது முழுத் தட்டையும் தின்று தீர்த்தது. நக்கியதில் தட்டு மின்னுகிறது. இவர்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லையா? நான் முன்னால் போய் நின்று, "ஜிம்மி இப்பதானே..." என்று தொடங்கினேன்.

அம்மா ஒரு பெரிய உருண்டையை உருட்டி என் வாய்க்குள் திணித்தாள். அத்தை குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அவள் தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் சோறு இருந்ததால் கேட்கவும் முடியவில்லை. பெரியவர்கள் ஆக ஆகக் கண் மங்கிவிடும்போல, பாவம், இனி எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மென்று விழுங்கினேன்.